தாத்தா நின்ற இரண்டாவது படி

அன்பு மகள் மதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, தாத்தா, நான், பால் பாக்கெட்டைக் கண்டதும் கத்தும் பூனை உட்பட எல்லோரும் சுகம். அங்கே நொய்டாவில் நீயும் சுகமா என்று வழக்கம்போல் கேட்கத்தான் உட்கார்ந்தேன், ஆனால் சுகம் என்ற சொல்லின் மேலேயே எனக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது, எல்லாம் உன் தாத்தாவால். போன வாரமே எழுதியிருக்க வேண்டும், தள்ளிப்போய்விட்டது, கோபித்துக்கொள்ளாதே. போனில் சொல்லலாமே என்பாய். நீ கூப்பிட்டாலே தாத்தா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டு அவர் கதையை எப்படிச் சொல்வது.

அறுபதைத் தாண்டியவர்கள் எவ்வளவு மனநிறைவோடு இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க ஐரின் என்று ஒரு பெண் டேப்லெட்டும் கையுமாக நம் தெருவுக்கு வந்தாள். உன் வயதுதான் இருக்கும், வெயிலில் முகம் வாடிப்போயிருந்தது, உட்கார வைத்து மோர் கொடுத்தேன். நம் வாசலில் வைத்தே எதிர்வீட்டுப் பெருமாயி அம்மாவையும் தாத்தாவையும் கேட்டாள். திரையில் ஓர் ஏணிப் படம், பத்துப் படி. உச்சிப்படி என்றால் உங்களுக்கு அமையக்கூடியதிலேயே நல்ல வாழ்க்கை, அடிப்படி என்றால் படுமோசம், நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்றாள். பெருமாயி அம்மா யோசிக்கவே இல்லை, "பத்து, எழுதிக்க தாயி, எம் மருமக என்னயத் தங்கமாத் தாங்குறா" என்றது. அந்த மருமகள் தோசைக்கரண்டியோடு பின்னாலேயே நின்றாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்து தாத்தா. கண்ணாடியைத் துடைத்து மாட்டினார், ஏணியை உற்றுப் பார்த்தார், லேசாகச் சிரித்தார், "ரெண்டு" என்றார். நான் மோர்ச் சொம்பைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றேன். ஐரின் மறுபடி பொறுமையாக விளக்கினாள். "வெளங்குது தாயி, ரெண்டுதேன், போட்டுக்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பெருமாயி அம்மா என்னை மேலும் கீழுமாகப் பார்த்தது பார், இந்த மனுசனுக்கு நீ சோறுதான் போடுறியா என்று கேட்காத குறை.

விளக்கு வைப்பதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது, மறுநாள் சின்னாளப்பட்டிக்கும் போய்விட்டது. உன் அத்தை போனில், "அப்பாவுக்கு அங்க ஒத்துக்கலன்னா நான் கூட்டிட்டு வந்துர்றேன், ஞாயித்துக்கெழம வாரேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். உன்னைக் கைக்குழந்தையாக வைத்திருந்த நாளிலிருந்து நான் பார்த்துக்கொண்ட மனிதர் மதி. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கணக்கு எடுத்து பி.எஸ்சி. படித்தது தப்பாகப் போயிற்று, பத்துக்கு இரண்டென்றால் நூற்றுக்கு இருபது, ஃபெயில் மார்க், என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஞாயிறு வருவதற்குள் மார்க்கை ஏற்றியே தீருவது என்று இறங்கினேன். எண்ணெய் சூடு பண்ணிக் கொடுத்து முழங்காலுக்குத் தேய்க்கச் சொன்னேன், வெந்நீர் போட்டேன், சீரகச் சம்பாவில் பிரியாணி, மற்ற நாளில் சோற்றுக்கு மூன்று வெஞ்சனம், டி.வி. ரிமோட்டை அப்பாவிடமிருந்து பிடுங்கி அவர் மடியில் வைத்தேன். காலையில் நைசாக, "இன்னிக்கு எத்தனாவது படி மாமா" என்று கேட்டேன். "ஒன்னரை" என்றார். இறங்கிவிட்டார் மதி! பிரியாணியில் காரம் கூடிவிட்டதோ, தூக்கம் சரியில்லையோ என்று புதுத் தலையணை வாங்கினேன், ஆட்டுக்கால் சூப் வைத்தேன். "ஒன்னு" என்றார், அதையும் சிரித்துக்கொண்டே. வெங்காயம் உரிக்காமலே அடுப்படியில் நின்று அழுதேன், உன் அப்பா என்னடாவென்றால், "பெருசு வெளையாடுது, விடு" என்று ரிமோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை காலிப் பையோடு வந்து இறங்கினாள், தாத்தாவின் வேட்டி சட்டையை எடுத்துப்போகத்தான். அந்த நேரம் பார்த்து ஐரினும் வந்தாள், ரொம்பக் குறைவாகச் சொன்னவர்களை இன்னொரு தரம் கேட்டு உறுதி செய்யச் சொன்னார்களாம். அத்தை விடுவாளா, "என்னப்பா கொற ஒங்களுக்கு இந்த வீட்ல" என்று என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். தாத்தா முழித்தார். "கொறையா, எனக்கா?" என்றார். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. கன்னிவாடிப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் ஏணி போட்டு இலை பறித்த ஆள் அல்லவா அவர். "உச்சிப்படியில நிக்கிறவன் வெயில்ல காயிறான், எறும்பு கடிக்குது, கீழருந்து ஒருத்தன் இன்னும் பறி இன்னும் பறிங்குறான், அதுவா நல்ல வாழ்க்க? பறிச்சு முடிச்சு எறங்கி, ரெண்டாவது படியில குந்தி, வெத்தலயில ஒன்ன மடிச்சு வாயில போடுவோம் பாரு, அதுக்கு மேல என்ன சொகம் இருக்கு. இந்தத் தாயி ஏணியில ஏறுனதே இல்ல போல, மாத்திச் சொல்லுச்சு, வெயில்ல வந்த புள்ளையத் திருத்த வேணாமுன்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "இவ எண்ணெயும் கறியுமாப் போட்டு என்னய ஒன்னாவது படிக்கு எறக்கிட்டா, இன்னுங் கவனிச்சான்னா தரைக்கே வந்துருவேன், அப்பறம் தூக்குறதுக்கு நாலு ஆளு வேணும், நிறுத்தச் சொல்லு" என்றார். அத்தைக்கு முகம் போன போக்கைப் பார்க்க நீ இல்லையே. ஆட்டுக்கால் சூப்பைக் குடித்துவிட்டு, கொண்டுவந்த காலிப் பையில் முருங்கைக்காயை நிரப்பிக்கொண்டு போனாள். ஒன்பதோ பத்தோ என்று மாற்றிவிடு அம்மா என்று ஐரினிடம் கெஞ்சினேன், பெரியவர் சொன்னதைச் சொன்னபடிதான் பதிய வேண்டும் ஆன்ட்டி என்றுவிட்டாள். ஆக, கணக்குப்படி இந்தத் தெருவிலேயே நொந்துபோன மனிதர் உன் தாத்தா, சந்தோஷத்தில் மிதப்பது பெருமாயி அம்மா. அந்தப் பெருமாயி அம்மா, மருமகள் ரேஷன் கடைக்குப் போன சமயத்தில் என் காதில், "நாலுதான்டி" என்று சொல்லிவிட்டு, கேட் சத்தம் கேட்டதும், "பத்து, பத்து" என்றது.

அதிலிருந்து எனக்கு உன் கவலை. எப்போது கேட்டாலும், "சூப்பரா இருக்கேம்மா" என்கிறாய், அதுவும் பெருமாயி அம்மாவின் அதே வேகத்தில். உன் பின்னால் யாரம்மா கரண்டியோடு நிற்பது? ஆபீஸா, வாடகை வீட்டுக்காரியா, இல்லை நான்தானா? மார்க் கேட்டே உன்னை வளர்த்துவிட்டேன், அதனால் என்னிடம் குறைத்துச் சொல்ல உனக்கு வாய் வரவில்லையோ என்று தோன்றுகிறது. நாலு என்றாலும் மூன்று என்றாலும் சொல், அம்மா திட்ட மாட்டேன். அழுவேன், அது வேறு.

வேளைக்குச் சாப்பிடு, குளிர் வருமுன் கம்பளிப் போர்வையை வெயிலில் போடு, பொங்கலுக்கு டிக்கெட் எடுத்தாயா இல்லையா என்று உடனே தெரிவி. தாடிக்கொம்புப் பெருமாள் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல தூக்கமும் கொடுக்கட்டும். உனக்கு எழுதுகிறேன் என்றதும் தாத்தா சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்தப் புள்ள ரொம்ப நாளா உச்சிப்படியிலயே நிக்கிது, கால் கடுக்கும். எறங்கி வரச் சொல்லு, ரெண்டாவது படியில எனக்குப் பக்கத்துல எடம் கெடக்கு, செத்த நேரம் ஒக்காந்துட்டு அப்பறம் ஏறட்டும்."

உன் பதிலுக்கு வாசலையே பார்த்திருக்கும்
அம்மா
சுகன்யா