கதவாண்டயே குந்திக்கோ

அம்மா,

சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவிவிட்டேன். புதுச் சாவியின் இரும்பு வாடை போகவில்லை. இன்று வீட்டுக்குக் கூடுதலாக இரண்டு சாவிகள் செய்து வாங்கினேன். ஒன்று எதிர்வீட்டு அக்காவுக்கு. இன்னொன்று என் கழுத்துச் சங்கிலியில். சிரித்தாலும் சிரி, நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரி.

வியாழக்கிழமை காலை அவர் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். உன் பேத்தி ஹாலில் தவழ்ந்துகொண்டிருந்தாள். பத்து மாதம் ஆகிறது, நீ பார்க்காத பேத்திக்கு. குப்பை வாளியை வாசலில் வைக்க ஓரடி வெளியே வந்தேன். பால்கனிக் காற்று கதவை அறைந்து சாத்தியது. தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. சாவியும் போனும் உள்ளே. அவளைக் குளிப்பாட்ட பாத்ரூமில் பக்கெட் நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன். பாத்ரூம் கதவைச் சாத்தவில்லை.

நான் கதவை இடித்த சத்தத்தில் எதிர்வீட்டுக் கன்னட அக்கா, என்ன ஆயிற்று என்று கேட்டபடி ஓடி வந்தார். "ஏனாய்த்தும்மா? பாப்பா உள்ளயா?" பூட்டுக்காரருக்கு அவர்தான் போன் போட்டார். "டிராபிக்ல இருக்காராம், இருபது நிமிஷம் ஆகுமாம்" என்றார்.

உள்ளே முதலில் அழுகை. பிறகு அதுவும் நின்றது. அழுதபோதுகூடப் பரவாயில்லை அம்மா, அந்த அமைதிதான் தாங்கவில்லை. தரையில் குப்புறப் படுத்து, கதவுக்கடியில் இருந்த இடுக்கில் வாயை வைத்துக் கத்தினேன்.

"கண்ணு, இங்க வா. கதவாண்டயே குந்திக்கோ. எங்கியும் போவாத."

நாம் குடியிருந்த நீலசந்திரா ஏரியாவை விட்டு வந்த பிறகு நான் அப்படிப் பேசியதே இல்லை. அது உன் பேச்சு.

அப்போது எனக்கு ஐந்து வயது. என்னைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்துவீட்டு அத்தை ஊருக்குப் போன ஒரு வாரம், என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு கார்மென்ட்ஸ் தையல் வேலைக்குப் போனாய். பூட்டிய பிறகு வெளியிலிருந்து தினமும் இதையேதான் சொல்வாய். நான் கதவருகிலேயே அழுது, அங்கேயே தூங்கி, ஒருநாள் அங்கேயே ஒன்றுக்குப் போய்விட்டேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து பாவாடையை மாற்றிவிட்டாய். கிளம்பும்போது உன் புடவையைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு விரலாகப் பிரித்தாய்.

அதைப் போன வருஷம், ஏழு மாத வயிற்றோடு, உன்னிடம் சொல்லிக் காட்டினேன். "என் புள்ளைய நான் அப்படி வளக்க மாட்டேன்." நீ கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். தலை நிமிரவில்லை. "வளக்காத. நல்லா வளத்துக்கோ" என்றாய். அடுத்த மாதமே மாரடைப்பில் போய்விட்டாய்.

வியாழக்கிழமை தரையில் படுத்திருந்தபோதுதான் உறைத்தது. நம் ஒற்றை அறையில் ஒரு மூலையில் மண்ணெண்ணெய் ஸ்டவ், மறு மூலையில் தண்ணீர் டிரம். இரண்டுக்கும் எட்டாத இடம் கதவு ஒன்றுதான்.

பூட்டை உடைத்த பிறகும் கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. அதன் பின்னாலேயே அவள் உட்கார்ந்திருந்தாள், அப்பாவின் செருப்பைச் சப்பிக்கொண்டு. என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான்தான் அரைமணி நேரம் அழுதேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். அந்த ஐந்து வயதுக்காரிக்கு உன் மேல் இன்னும் கோபம்தான். ஆனால் அடுத்த மாதம் என் லீவு முடிகிறது. பிள்ளையைக் காப்பகத்தில் விட வேண்டும். அங்கே கேமரா வைத்திருக்கிறார்கள், போனிலேயே பார்க்கலாமாம். பார்த்துக்கொண்டே எப்படி வேலை செய்யப்போகிறேன் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்போதெல்லாம், உன்னிடம் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி வந்து நிற்கிறது. அந்த ஒரு வாரம் முழுக்க, மெஷின் முன்னால் உட்கார்ந்து, விரலில் ஊசி ஏறாமல் எப்படி அம்மா தைத்தாய்?