திருப்பிப் பார்க்காத தாள்

கூட்டாளிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், கோபித்துக்கொள்ளாதே. ஒரு வரி முடிப்பதற்குள் பென்சிலை இரண்டு தடவை சீவுகிறேன். ஆனாலும் பார், நானே எழுதுகிறேன்! நாம் தேங்காய் பறிக்கப் போவோமே, அந்த டாலிகஞ்ச் குடியிருப்பின் மாடிவீட்டுத் தமிழ் அம்மா ஆறு மாதமாகச் சொல்லிக்கொடுத்தார். இப்போது காலண்டர் தாளைக்கூட நான் படிக்காமல் கிழிப்பதில்லை.

இன்று காலை, நம் கிடர்பூர் அறையில் கட்டிலுக்கு அடியில் கிடந்த சாக்கை இழுத்தேன். குப்பென்று கிரீஸ் வாடை. என் அக்கா மகன் நாகர்கோவிலிலிருந்து ரயிலில் சுமந்து வந்தானே, அந்த மரமேறும் மிஷின். கூடவே, அதை எப்படி மாட்டுவது என்று அச்சடித்து நான்காக மடித்த அந்தத் தாள்.

ஆசையாகப் பிரித்தேன். ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. படித்ததெல்லாம் மறந்துபோயிற்றோ என்று பயந்து, பஸ் பிடித்து அந்த அம்மாவிடம் ஓடினேன். அவர் சிரித்தார். "தாத்தா, இது மலையாளம். திருப்பிப் பாருங்க, தமிழ் அந்தப் பக்கம் இருக்கு."

அந்தப் பக்கத்தில் படமும் இருந்தது. அங்கேதான் எனக்கு எரிச்சல் மூண்டது.

நீ அன்று எனக்கு எதிரே உட்கார்ந்து வாசித்தபோது, படம் என் பக்கம்தானே இருந்தது? அப்படியென்றால் உன் பக்கம் இருந்தது மலையாளம். நீ எதை வாசித்தாய்?

"ஏல, கேளு. மழ பெஞ்சா மாட்டக்கூடாது. வெள்ளிக்கிழம ஏறக்கூடாது. அம்பது வயசுக்கு மேலன்னா தொடவே கூடாதுன்னு செவப்புல போட்டிருக்கான்."

"வெள்ளிக்கிழமைன்னு மிஷினுக்கு எப்படிவே தெரியும்?" என்று கேட்டேன்.

"அஞ்சாங்கிளாஸ் படிச்சவன் சொல்லுதேன். நீ கயித்தப் பிடிச்சாப் போதும்."

சரி என்று நானும் கயிற்றைப் பிடித்தேன். குலையைக் கீழே போட்டால் ஜன்னல் உடையும் என்பதால், நீ கட்டிவிடும் குலையை மெல்ல இறக்குவது என் வேலை. கீழ்வீட்டு வங்காள அண்ணி, நம் பௌதி, "ஆஸ்தே! ஆஸ்தே!" என்று கத்துவாள், நானும் மெல்ல மெல்ல விடுவேன். மிஷின் பேச்சை எடுத்தால் உனக்கு இளக்காரம். "அந்த இரும்புச் செருப்ப மாட்டிக் கழட்டுததுக்குள்ள நான் நாலு மரம் ஏறிருவேன்" என்பாய். அது உண்மைதான். ஏறியும் காட்டினாய். ஆனால் ஆடி மழையில், பாசி பிடித்த மரத்தில், காலில் போட்ட வெறும் கயிற்றுத் தளை வழுக்கியது. குலையை இறக்கத் தெரிந்த எனக்கு உன்னைப் பிடிக்கத் தெரியவில்லை. உடைந்த தொடை எலும்பு சரியாகக் கூடவே இல்லை. அதன்பின் நீ மரத்தை அண்ணாந்து பார்த்ததுகூட இல்லை.

சிவப்பு வரியை இன்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'இடுப்புப் பட்டையை மாட்டாமல் ஏற வேண்டாம்.' அவ்வளவுதான். வெள்ளிக்கிழமையும் இல்லை, வயதும் இல்லை. பட்டை சாக்கிலேயே இருக்கிறது, மடிப்புக் கலையாமல்.

"எனக்கும் தெரியாதுல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? தாளைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாவின் மாடிக்கு அன்றே ஏறியிருப்போமே! படத்தில் இருந்த ஆள் இடுப்பில் பட்டை கட்டியிருந்தான். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

சாயங்காலம் வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அக்காவின் கடிதங்கள். எல்லாம் நீ வாசித்துக் காட்டியவை. "எல்லாரும் சொகம். கூட்டாளிய நல்லாக் கவனிச்சுக்கோ" என்றுதான் ஒவ்வொன்றும் முடியும். நானும் அதை நம்பி, மீனில் பெரிய துண்டை உனக்கே வைத்தேன்.

உன்னைப் போலவே அக்காவும் இப்போது உயிரோடு இல்லை. அடியில் இருந்த ஒரு கடிதத்தை எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருக்கிறாள். நீ அதை இரண்டு வாக்கியத்தில் முடித்தாய். எனக்கு ஒரு வாரம் பிடிக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவள் என்னதான் எழுதியிருந்தாள் என்று உனக்கு எழுதுகிறேன்.

உனக்கும் தெரியாதுதானே.