அடுத்த வருடத்துத் தாள்

சிவகாசி
27-8-2006, ஞாயிறு (ஷிபானாவிடம் கேட்டு எழுதினேன்)

அன்பு மகன் சாபிருக்கு அம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே இரண்டு பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, தம்மாமில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க துஆ செய்கிறேன். உடம்புக்குத்தான் ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் தங்கச்சி பக்கத்திலேயே நிற்கிறாள், அழுதுவிடுவேனோ என்று பயம்.

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் அச்சாபீசில் யாருக்கும் நடக்கிற வருடம் ஞாபகம் இருக்காது, எல்லாரும் 2007க்குக் குடிபோய்விடுவோம். தினசரி காலண்டர் தாளில் தேதி, கிழமை, பிறை, ராகு காலம் எல்லாம் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள் நான், அங்கே முடியாததை வீட்டுக்குக் கொண்டுவந்து ஆணியில் மாட்டி வைத்துப் பார்ப்பேன். அடுத்த வருடத்து ஆகஸ்ட் முழுக்க இருக்கிற, இன்னும் நாள் நாளாக வெட்டாத தாள் எங்கள் காலண்டருக்கு மேலேயே தொங்கியது. அப்போதுதான் ஷிபானா வந்து, மார்க் குறையுதுன்னு பெரிய டீச்சர் உங்கள வரச் சொல்றாகம்மா, பத்தொன்பதாம் தேதி கட்டாயம் வரணும் என்றாள். நான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன், பத்தொன்பது ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமையும் ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறார்களே, அந்த நேரத்தில் கூப்பிடுகிறார்களாக்கும், லீவு கேட்கிற தொல்லை இல்லை என்று நினைத்து, வந்துடுறேன் போ என்றேன். நான் முதல் தடவையாக மறுபேச்சு இல்லாமல் ஒத்துக்கொண்ட சந்தோஷத்தில் அவளும் கிழமையைப் பற்றிப் பேசவில்லை.

அந்தத் தேதி இந்த வருடம் சனிக்கிழமைடா. அவள் எழுந்திருக்கும் முன்பே நான் வேலைக்குப் போய்விட்டேன், அச்சாபீசிலிருந்து நேரே வருவேன் என்று நினைத்திருக்கிறாள். பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரைக்கும் பள்ளிக்கூட கேட்டிலேயே நின்றாளாம். சாயங்காலம் வந்தேன், டீ போட்டுக் கொடுத்தாள், ஒரு பாரத்தை என் தாள்களுக்கு மேல் வைத்தாள். ஹாஸ்டலில் சேர்வதற்கான பாரம். வீட்ல இருந்தாலும் பூட்டுன கதவுக்குள்ள தனியாத்தானம்மா இருக்கேன், அங்கன இருந்தா நாலு பிள்ளைக இருப்பாக என்றாள். சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன், அவள் போடவில்லை. அவள் பதினொன்றாம் வகுப்பு வந்ததே எனக்கு நேற்று போல இருக்கிறது, ஹாஸ்டலாம்.

திங்கட்கிழமை முதலாளி சங்கையா அண்ணனிடம் போய், சாயங்காலம் நாலு மணிக்கு விட்டுவிடுங்கள், பொண்ணு தனியாக இருக்கிறாள் என்று கேட்டேன். நீங்க போயிட்டீகன்னா நான் யார வச்சுப் பாக்குறது, முந்தின வருசம் நீங்க காய்ச்சல்ல படுத்தப்ப அமாவாசை ஒரு நாள் தள்ளி அச்சாகி அம்புட்டு லோடும் திரும்பி வந்துச்சே மறந்துட்டீகளா என்றார். அவர் கெட்டவர் இல்லை. உன் அத்தா மவுத்தான நாற்பதாம் நாள் எனக்கு வேலை கொடுத்து நாற்காலி போட்டு உட்காரவைத்தவர் அவர்தான், அதனாலேயே என்னால் எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியவில்லை. போன கடிதத்தில் நீ, வேலையை விட்டுவிடுங்கள் என்று ஒரு வரியில் எழுதிவிட்டாய், எழுதுவதற்கு என்ன. உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அந்த வேலை பிடிக்கும். ஒரு தப்பைக் கண்டுபிடித்தால், குல்சாரக்கா கண்ணுக்குத் தப்புமா என்று பைண்டிங் பெண்கள் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும்போது இவள் சாப்பிட்டாளா என்று ஓடுகிறது, இங்கே சோறு வடிக்கும்போது பிப்ரவரித் தாளில் ஏதோ தப்பை விட்டுவிட்டேனே என்று அடித்துக்கொள்கிறது. எங்கே போனாலும் மூச்சு முட்டுகிறது சாபிர், யாரிடம் போய்ச் சொல்ல.

ஒரு வாரம் அந்தப் பாரத்தைத் தொடவே இல்லை. நேற்றுச் சாயங்காலம், பிள்ளையாவது நாலு பேரோடு இருக்கட்டும் என்று பிஸ்மி சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். வாங்கிப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே நின்றாள், பிறகு சிரித்தாள். கையெழுத்துக்குக் கீழே நான் 26-8-2007 என்று போட்டிருக்கிறேன். இது அடுத்த வருசம்லம்மா, சரி விடுங்க, அப்ப அடுத்த வருசமே போறேன் என்று சொல்லி பாரத்தை மடித்துக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். கிழித்துப் போடவில்லை, கவனித்தேன்.

சந்தோஷப்படுகிறதா அழுகிறதா தெரியவில்லை. பிள்ளை எனக்கு ஒரு வருடம் கொடுத்திருக்கிறது. அந்த வருடம் முழுக்க ஏற்கெனவே அச்சாகி என் மடியில் கிடக்கிறது, ஒவ்வொரு தாளாகப் பார்த்துவிட்டேன், நாலு மணிக்கு வீட்டுக்குப் போ என்று எதிலும் போட்டிருக்கவில்லை. நாளைக்கு மறுபடியும் அண்ணனிடம் கேட்கப் போகிறேன். என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்பேன்.

வெயிலில் அலையாதே, ரூமில் உள்ளவர்களோடு வம்பு வேண்டாம், தொழுகையை விடாதே. ஷிபானாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல சுகத்தையும் தரட்டும். டிசம்பரில் லீவு கிடைக்கும் என்றாயே, வருகிற தேதியை எழுதும்போது கிழமையையும் சேர்த்து எழுது. இல்லாவிட்டால் நீ பெட்டியோடு ஸ்டேஷனில் நிற்பாய், நான் நாளைக்குத்தானே வருகிறான் என்று அச்சாபீசில் உட்கார்ந்திருப்பேன்.

உன் அம்மா,
குல்சார் பேகம்