அம்மா திருப்பிப் போட்ட தொப்பி

வெர்மான்ட், மார்ச் 1874

அன்புத் தம்பி ஆல்வா,

உன் கடிதம் கிடைத்தது. மனநோய் விடுதியில் உனக்கு உடம்பு தேறியிருப்பதில் சந்தோஷம். "சுட்ட அன்னிக்கும் நான் தெளிவாத்தான் இருந்தேன்" என்று பெரிய டாக்டரிடம் சொல்லப்போவதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து சொல்லாதே.

நீ டன்னிங்கைச் சுட்டுக் கொன்ற வழக்கில், பைத்தியம் உன் ரத்தத்திலேயே இருப்பதாகக் காட்டினால்தான் தூக்கிலிருந்து தப்பலாம் என்றார் வக்கீல். "உங்க குடும்பத்துல யாருக்காவது உண்டாம்மா?" என்று கேட்டார். யாருக்கும் இல்லை. அம்மாதான், "என்னையே சொல்லிடு. கோழிங்ககிட்ட பேசுறேன்னு சொல்லு" என்றாள். பைபிள்மேல் சத்தியம் செய்து சொன்னேன். ஜூரிகள் பன்னிரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு சர்ச்சில் எங்கள் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. என்னைப் பெண் கேட்டிருந்த வாத்தியாரும் அப்புறம் வரவில்லை. நம் ரத்தத்தைப் பற்றி அவரும் கேள்விப்பட்டிருப்பார் அல்லவா? அதை விடு.

நேற்று பக்கத்துப் பண்ணைத் திருமதி பர்டி துக்கம் விசாரிப்பதுபோல வந்தாள். வண்டிச் சத்தம் கேட்டதுமே அம்மா தொப்பியை முன்பின்னாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு முற்றத்துச் சேற்றில் இறங்கி, கோழிகளிடம் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டாள்.

"ஐயோ பாவம், முத்திப்போச்சே!" என்று பர்டி கிளம்பிப் போனாள். அம்மா தொப்பியை நேராக்கிக்கொண்டு, கையைக் கழுவி, ரொட்டி மாவைப் பிசையத் தொடங்கினாள்.

"இன்னும் எத்தனை நாளைக்கும்மா?"

"அவன் உசிரோட இருக்கிற வரைக்கும்."

வழக்கு முடிந்து இது எட்டாவது மாதம், தம்பி. அவள் மண்டியிடுகிறாள். நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

உன் அக்கா