சம்மந்தகாரர் கையில் கொடுத்த விசிறி

மேலக்கரிசல்பட்டி
25.8.1983, வியாழன்

அன்பு மகன் சங்கரபாண்டியனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அய்யனார் புண்ணியத்தில் இங்கே நான், அப்பா, உன் தங்கை பெத்தம்மாள், சினையாக இருக்கிற செவலைப் பசு எல்லாரும் சுகம். நீயும் அந்தப் பிலாய் ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அன்றைக்கே பதில் எழுதியிருந்தால் காகிதம் பொசுங்கியிருக்கும், அதனால் ஆறப்போட்டேன், ஆறவில்லை. உன் மாமனார் செண்பகராஜ் உனக்கு நாலு பக்கம் எழுதினாராம், நீ உடனே ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டு மருமகளைக் கூட்டி வந்துவிடு அம்மா, பெரிய மனுஷரைப் பகைக்க வேண்டாம் என்று எனக்கு எழுதுகிறாய். ஆடி முடிந்தும் பெண்ணை அனுப்பாமல் வைத்துக்கொண்டு, நான் கோவில்பட்டிக்கு வந்து தலைகுனிந்தால்தான் அனுப்புவேன் என்கிறார் அவர். கேட்க மாட்டேன். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், கடைசிவரை தேடிக்கொண்டிருக்காதே. அவர் எழுதினதை மட்டும் படித்திருக்கிறாய், இனி நான் எழுதுவதையும் படி.

ஆனிக் காற்றில் ஓடைக்கரையில் போஸ்ட் மரமெல்லாம் சாய்ந்து டிரான்ஸ்பார்மரும் புகைந்து போய்விட்டது, இன்றுவரை ஊருக்குக் கரண்டு இல்லை. கேட்டால் சாமான் வரணும் என்கிறார்கள். முதல் இரண்டு நாள் நம் வீடு இழவு வீடு மாதிரி கிடந்தது. ரேடியோ பாடவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரம் போச்சே என்று பெத்தம்மாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள், உன் அப்பா ஏழு மணிக்கே பாயை விரித்து, இருட்டுக்குள்ள முழிச்சிருந்து என்ன செய்ய என்று படுத்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. இந்த ஊருக்குக் கரண்டு வருவதற்கு முன்னால் யாரும் சிரிக்கவே இல்லையா, ஒரு கம்பி அறுந்ததுக்கு வீடே செத்துப்போகணுமா என்று சத்தம் போட்டு எல்லாரையும் முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து எசப்பாட்டு ஆரம்பித்தேன். சட்டம் இதுதான், ஒருத்தர் இன்னொருத்தரைக் கேலி செய்து பாட வேண்டும், கேலிப்பட்டவர் பாட்டாலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும், திருப்பத் தெரியாதவர் பனையோலை விசிறியை வாங்கி எல்லாருக்கும் வீச வேண்டும். இருக்கிற சிம்னி விளக்கையும் ஊதி அணைத்துவிடுவேன், இருட்டில்தான் கூச்சம் போகும். உன் அப்பா என் கோபத்தைப் பாடினார், நான் அவர் குறட்டையைப் பாடினேன், பெத்தம்மாள் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே பாடினாள். முதல் வாரம் முழுக்க உன் அப்பாதான் வீசினார், கை வலிக்குது விட்டிருங்கட்டி என்று கெஞ்சினார். எதிர்வீட்டு வேல்சாமி பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து உட்கார ஆரம்பித்தான்.

உன் பெண்டாட்டி உச்சிமாகாளி மட்டும் பாடவில்லை. கல்யாணம் முடிந்து பத்து நாளில் நீ பிலாய்க்கு ரயிலேறிவிட்டாய், அந்தப் பிள்ளை எங்களோடு இருந்த நாளெல்லாம் சரி அத்த, ஆகட்டும் அத்த என்பதைத் தவிர வேறு பேச்சுப் பேசவில்லை. பசிக்குதா என்றால் தலையை ஆட்டும், உடம்புக்கு முடியலையா என்றால் அதுக்கும் தலையை ஆட்டும். எம்மா, மைனிக்கு நம்மளப் பிடிக்கலையோ என்று பெத்தம்மாளே கேட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்த பிள்ளை இப்படி வாயைக் கட்டிக்கொண்டு இருந்தால் எந்த மாமியாருக்குச் சோறு இறங்கும்? விளையாட்டிலும் அவள் முறை வந்தால் பேசாமல் விசிறியை எடுத்துக்கொள்வாள்.

இப்படி இருக்கும்போதுதான் உன் மாமனார் ஆடிக்கு மகளை அழைத்துப்போக வந்தார். காற்றில் கடைசி பஸ் வரவில்லை, தங்கும்படி ஆகிவிட்டது. கோழிக்குழம்பு வைத்தேன், குறை சொல்லாமல் சாப்பிட்டார். சாப்பிட்டு முற்றத்துக்கு வந்ததிலிருந்து ஒரே பேச்சு, எங்க வீட்டுல ரூமுக்கு ரூம் டியூப் லைட்டு, ராத்திரியா பகலான்னு தெரியாது, இந்த இருட்டுக்குள்ள எம்பிள்ள எப்படித்தான் இருந்தாளோ என்று. விருந்தாளி முன்னால் பாட்டு வேண்டாம் என்றுதான் நான் இருந்தேன். உன் அப்பாவுக்கு மச்சான் முறை, சும்மா இருப்பாரா, டியூப் லைட்டை வைத்து ஓர் அடி எடுத்துவிட்டார். அவரும் சளைக்காமல் கரிசக்காட்டு எலிகளா என்று எங்கள் எல்லாரையும் சேர்த்துத் திருப்பிப் பாடினார், அதை உனக்கு எழுதினாரா? எழுதியிருக்க மாட்டார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்போது கதவோரத்தில் இருந்து ஒரு குரல் கிளம்பியது பார், கணீரென்று:

எட்டுமணி அடிக்குமுன்ன எங்கவீட்டு ராசாவும்
பீஸ்கட்டயப் பிடுங்கிவந்து தலமாட்டில் வைப்பாராம்
தலமாட்டில் கட்டவச்சுத் தான்உறங்கப் போனபின்னே
தட்டத்தடவிச் சோறுதின்னு தவிக்குதம்மா எங்கவீடு

ஆமாம், மீட்டர் ஓடிவிடும் என்று தினம் எட்டு மணிக்கு மெயினில் இருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் உன் மாமனார் தூங்குவாராம்! வேல்சாமி தரையில் உருண்டு சிரித்தான். எனக்குப் பாட்டைவிட உச்சிமாகாளி குரலைக் கேட்டுத்தான் மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. இந்தப் பிள்ளைக்குள் இவ்வளவும் கிடந்திருக்கிறதே என்று சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. உன் மாமனாருக்குத் திருப்பிப் பாட வரவில்லை. சட்டப்படி பெத்தம்மாள் விசிறியைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்து, வீசுங்க மாமா என்றாள். அவ்வளவுதான், விசிறியை விட்டெறிந்துவிட்டு எழுந்து போய்ப் படுத்தார். விடிந்ததும் முதல் பஸ்ஸுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். போகும்போது என்னைப் பார்த்து, எம்பொண்ணு வாய் தொறக்காத பிள்ள, ரெண்டு மாசத்துல கெடுத்துப்புட்டீய என்றார்.

நீயே சொல், நான் எதற்கு மன்னிப்புக் கேட்க? அவர் கையில் விசிறி கொடுத்ததுக்கா? அதே விசிறியை ஒரு வாரம் உன் அப்பா வீசினார், அவர் கை என்ன தேய்ந்தா போய்விட்டது? விசிறிக்கு வேண்டுமானால் வருத்தப்பட்டுக்கொள்கிறேன், அது இளகிய மனசுக்காரர்களுக்கு ஆகாது போல. ஆனால் அவர் கேட்பது அது இல்லை. மகள் பாடினது தப்பு, அவளைப் பாடவைத்தது என் தப்பு என்று நான் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிள்ளை நம் வீட்டில் முதல் முதலாக வாய் திறந்திருக்கிறது. நான் போய்த் தலைகுனிந்தால் ஜென்மத்துக்கும் அது வாய் திறக்காது, அப்புறம் உனக்கு வாய்ப்பது பெண்டாட்டி இல்லை, சரி அத்தான், ஆகட்டும் அத்தான் என்று தலையை ஆட்டுகிற பொம்மைதான். ஒரு வார்த்தைதானே என்று சுலபமாக எழுதிவிட்டாய். அந்த ஒரு வார்த்தைக்கு விலை கொடுக்கப்போவது அவள்.

உன் அப்பா நல்ல மனுஷர், சண்டை என்றால் ஆகாது. போன வாரம் எனக்குத் தெரியாமல் கோவில்பட்டிக்குப் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வர வெள்ளை வேட்டியை எடுத்து வைத்தார். நான் அதைத் தூக்கிச் சலவைக்கு நீலம் கரைத்த தொட்டியில் முக்கிவிட்டேன். இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை, பேசாவிட்டால் போகட்டும்.

நேற்று வேல்சாமி மிளகாய் வத்தல் கொண்டு கோவில்பட்டிக்குப் போனவன் உன் மாமனார் வீட்டில் எட்டிப் பார்த்திருக்கிறான். அவர் முன்ரூமில் உட்கார்ந்திருக்க, அவர் காதில் விழும்படியாகவே உச்சிமாகாளி வாசல் வரைக்கும் வந்து சொன்னாளாம், அண்ணாச்சி, அத்தகிட்டச் சொல்லிருங்க, அவிய மன்னிப்புக் கேக்க வந்தாவன்னா நான் கூட வரமாட்டேன், என்னயக் கூட்டிட்டுப் போக வந்தாவன்னா இப்பவே பைய எடுத்து வைக்கேன் என்று. வேல்சாமி சொல்லச் சொல்ல நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்லே.

நாளை வெள்ளிக்கிழமை, முதல் பஸ்ஸுக்கே போகிறேன். கை நிறையப் பூ வாங்கிக்கொண்டு வாசலில் நின்று அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். செண்பகராஜ் அண்ணாச்சி காபி கொடுத்தால் குடிப்பேன், சண்டைக்கு வந்தால் அதுக்கும் தயார். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அவள் இங்கே இருப்பாள். கரண்டு வந்தாலும் வராவிட்டாலும் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

அங்கே மழைக்காலம், நனைந்துகொண்டு வேலைக்குப் போகாதே. அவளைக் கூட்டி வைத்துக்கொள்ளக் கோட்டர்ஸுக்கு எழுதிக் கொடு, நாளைக் கடத்தாதே. இன்னொன்று, மாமனாருக்கு எழுதுகிறாய், எனக்கு எழுதுகிறாய், இத்தனை நாளில் கட்டினவளுக்கு ஒரு கார்டு போட உனக்குக் கை வரவில்லை. உறைமேல் அவள் பெயரை எழுதி, உள்ளே அவளுக்கு மட்டும் எழுது. நாங்கள் யாரும் பிரிக்க மாட்டோம். அவள் என்ன பதில் எழுதினாலும் வாங்கிக்கொள்.

அய்யனார் உனக்குக் குறைவில்லாமல் கொடுப்பார், நீண்ட ஆயுசோடு இரு.

இப்படிக்கு,
மன்னிப்புக் கேட்காத உன் அம்மா,
வ. சொர்ணத்தாய்