மூன்றாவது வேர்

மார்ச் 11, செவ்வாய்

சரோஜா ஆன்டியின் கீழ்க் கடைவாய்ப் பல்லில் மூன்றாவதாக ஒரு வேர் இருக்கிறது. நான்கு மாதங்களுக்கு முன் அந்தப் பல்லுக்கு ரூட் கெனால் செய்தவளே நான்தான். வழக்கமாக இருக்கும் இரண்டு வேரைச் சுத்தம் செய்து அடைத்துவிட்டேன். வலி போகவில்லை என்று தன் ஊரான கிள்ளானிலிருந்து ரயிலேறி என் கிளினிக்குக்கு இரண்டு முறை வந்தார். "பல்லு நல்லாதான் இருக்கு ஆன்டி, நீங்கதான் ரொம்ப யோசிக்கிறீங்க" என்று திருப்பி அனுப்பினேன்.

இன்று எக்ஸ்ரேயைச் சாய்த்து எடுத்தபோதுதான் பின்னால் மறைந்திருந்த வேர் தெரிந்தது. சீனர்களுக்கு இது சகஜம், படித்திருக்கிறேன். சீனராக இருந்தால் முதல் நாளே தேடியிருப்பேன். இவருடைய தமிழ்ப் பெயரைப் பார்த்தேன், தேடவில்லை. இருபது வருடமாகப் பல் பார்க்கிறேனாம்!

"உங்க குடும்பத்துல யாராச்சும் சீனவங்களா ஆன்டி?"

"எங்கம்மா சீனவங்கதான் லா. நீங்க கேக்கவே இல்லையே."

என் தவறு என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "இன்னொரு வேர் இருக்கு, சுத்தம் பண்ணிடலாம்" என்று மட்டும் சொன்னேன்.

ஆன்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எனக்கு வலிக்குதுன்னு வீட்டுல யாருமே நம்பல டாக்டர். நீங்கதான் கண்டுபிடிச்சீங்க."

முதலில் நம்பாதவள் நான். கையை விலக்கிக்கொள்ளாமல் சிரித்தேன்.