இரண்டு தட்டு

மார்ச் 4

அன்புள்ள ஒல்லி,

நீயும் தங்கச்சியும் நலம்தானே? உன் டிரைவர் எழுதுகிறேன். எழுத்து பூசணிக்காய் அளவில் இருக்கிறது, வரி சாய்ந்து ஓடுகிறது என்று சிரிக்காதே. சின்னதாக எழுதினால் எனக்கே தெரிவதில்லை. போனில் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் நீ "அண்ணே" என்பாய், நான் கத்துவேன். காகிதத்தில் அவ்வளவாகக் கத்த முடியாது.

என் கண் பழுது என்று டிப்போவில் போய்ச் சொன்னது நீதான் என்பது எனக்குத் தெரியும். மேலாளர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அதைப் பேச இந்தக் கடிதம் இல்லை. வேலை போனதோடு சேர்த்து டாக்டரும் தன் பங்குக்குச் சொல்லிவிட்டார். வலது கண் முடிந்தது, இடது கண்ணும் மெல்ல மெல்லப் போய்விடுமாம். மகள் ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டு, "இங்கயே உக்காருங்கப்பா, ரோடு நல்லா தெரியும்" என்கிறாள். எனக்கு ரோட்டைக் காட்டுகிறாள், பார்த்துக்கொள்.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். மலைக்கோயிலுக்கு நடந்தே போகப்போகிறேன். நம் வண்டி போன அதே வழியில். எத்தனை ஆயிரம் பேரை அடிவாரத்தில் கொண்டுபோய் இறக்கியிருப்பேன்! ஒரு தடவைகூட நான் மேலே ஏறியதில்லை. வண்டியை விட்டு டிரைவர் நகரக் கூடாது. எல்லாரும் இறங்கி வரும்வரை ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக் கிடப்பேன். கண்ணில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே அந்த வாசலைப் பார்த்துவிட வேண்டும். வேறு வேண்டுதல் ஒன்றும் இல்லை.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" என்றாள் உன் அண்ணி. சொன்ன வேகத்தில் அவளே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

உன்னால் ஒன்று ஆக வேண்டும். எனக்கு ரோடு தெரியும், ஊர் தெரியாது. கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி வாயடித்தவன் நீ. எங்கே படுக்க இடம் தருவார்கள், யாரிடம் தண்ணீர் கேட்கலாம் என்று எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

உன் டிரைவர்


மார்ச் 11

என் டிரைவரண்ணே,

உங்கள் தங்கச்சி பார்த்தால் அழுவாள் என்று, கடிதத்தை வீட்டில் ஒளித்துவைத்துப் படித்தேன். கண்டக்டரிடம் போய் வாயை மூடு என்றால் நடக்கிற காரியமா?

முதலில் நீங்கள் கேட்டது. பெரிய பாலம் தாண்டியதும் மரக்கடை. கடைக்காரர் தாராள மனசுக்காரர், பலகை அடுக்குகிற கொட்டகையில் கட்டில் போட்டுத் தருவார். அடுத்து, இரண்டு ரோடு பிரியும் இடத்தில் ஒரு தையல்கார அம்மா. வள்ளென்று விழுவார், பயப்படாதீர்கள், மனசு தங்கம். அதற்குப் பிறகு பள்ளிக்கூட வாட்ச்மேன். அவரிடம் அரசியல் மட்டும் பேசாதீர்கள், விடிந்துவிடும். அடிவாரத்தில் நம் டீக்கடைக்காரர் இருக்கவே இருக்கிறார்.

இனி நீங்கள் கேட்காதது. திருப்பத்தில் வலப்பக்கம் வந்த சைக்கிள்காரர் சாக்கடையில் விழுந்தாரே, அவர் வந்ததும் உங்களுக்குத் தெரியவில்லை, விழுந்ததும் தெரியவில்லை. அன்றைக்கே சொன்னேன். கண்ணாடியில் தூசி என்றீர்கள். மறுபடி சொன்னேன், வெயில் என்றீர்கள். மூன்றாம் முறை சொன்னபோது, "நீ டிக்கெட்டைக் கிழி, நான் வண்டியை ஓட்டுறேன்" என்றீர்கள். பின்னால் ஒரு வண்டி நிறைய ஜனம் அண்ணே. அதில் யாராவது ஒரு பிள்ளை மடியில் தூங்கிக்கொண்டிருக்கும். நான் என்ன செய்திருக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

தனியாகப் போகாதீர்கள். மே மாதம் எனக்கு லீவு வருகிறது. நானும் கூட வருகிறேன்.

என்றும் உங்கள்
ஒல்லி (இப்போது தொப்பை வைத்துவிட்டது)


மார்ச் 17

ஒல்லி,

இடங்களைச் சொன்னதற்கு நன்றி. மே வரை என் கண் காத்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்லட்டுமா? இந்த மாதக் கடைசியில் கிளம்புகிறேன். நீ வர வேண்டாம்.

என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டாய். போய்ச் சொன்னதுகூட எனக்குப் பெரிதில்லை. அந்தக் கடைசி ஓட்டம்தான் ஆறவில்லை. காலையிலேயே மேலாளரிடம் சொல்லிவிட்டாய். அப்புறம் வந்து என் வண்டியில் ஏறி, வழக்கம்போல் பக்கத் தகட்டில் இரண்டு தட்டு தட்டினாய். நானும் கிளப்பினேன். இத்தனை வருஷம் ஒரு தட்டு என்றால் நின்றேன், இரண்டு தட்டு என்றால் புறப்பட்டேன். பின்னால் என்ன என்று ஒரு நாளாவது திரும்பிப் பார்த்தேனா? என் கண்ணைவிட உன் கையைத்தானடா நம்பினேன். அந்தக் கை அன்றைக்கு என்னை ஏமாற்றிவிட்டது.

இனி எழுதாதே.

டிரைவர்


மார்ச் 21

அண்ணே,

எழுதாதே என்றதால் சுருக்கமாக.

அன்று காலை நான் சொன்னதும் மேலாளர், "இன்னைக்கு மாத்து ஆள் இல்லப்பா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். வண்டியில் ஏறாமல் வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. நான் போனால் உங்களோடு வேறு யாராவது ஏறுவார்கள், அவர்களுக்கு எதுவும் தெரியாது. அதனால் ஏறினேன். வழி முழுக்கக் கதவுப் பக்கம் நிற்காமல் உங்களுக்குப் பின்னால் வலப்பக்க ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு வந்தேன். டிக்கெட் கொடுக்கவில்லை என்று ஜனங்கள் திட்டியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த இரண்டு தட்டும் ரோட்டைப் பார்த்துத் தட்டியதுதான். ஏமாற்றவில்லை.

நீங்கள் வர வேண்டாம் என்றால் வரவில்லை. ஆனால் அந்த ரோடு உங்கள் அப்பன் வீட்டு ரோடு இல்லை அண்ணே. நம் வண்டியும் தினம் அதில்தான் ஓடுகிறது.

ஒல்லி


ஏப்ரல் 9, அடிவாரம்

அன்புள்ள ஒல்லி,

நேற்று சாயங்காலம் வந்து சேர்ந்தேன். காலில் கொப்புளம் இல்லாத இடம் இல்லை. மற்றபடி நலம். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இன்று வண்டி வந்ததும் கடைக்காரர் இதை உன்னிடம் கொடுப்பார். நேரில் சொல்ல வந்தால் மறுபடி கத்திவிடுவேன்.

முதல் நாள் நீ பின்னாலிருந்து வந்தாய். வண்டி வேகம் குறைந்தது, தகட்டில் இரண்டு தட்டு கேட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுநாள் எதிரே வந்தாய், மறுபடி இரண்டு தட்டு. வீம்புக்கு அன்றும் பார்க்கவில்லை. ஆனால் ராத்திரி மரக்கடையில் கட்டில் விரித்துக் கிடந்தது. "உங்க கண்டக்டர் சொல்லிட்டுப் போனாரு" என்றார் கடைக்காரர். தையல்கார அம்மா, "தினம் வந்து உயிரை வாங்குறான் அந்த மனுஷன்" என்று உன்னைத் திட்டிக்கொண்டே என் காலுக்கு வெந்நீர் வைத்தார். நீ எனக்கு முன்னால் எல்லா வாசலிலும் போய் நின்றிருக்கிறாய். மூன்றாம் நாளிலிருந்து, உன்னிடம் மறைப்பானேன், வண்டிச் சத்தத்துக்குக் காது காத்திருக்க ஆரம்பித்தது.

அப்புறம் அந்தப் பள்ளிக்கூட நிறுத்தம். நம் வண்டி அந்தப் பக்கம் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. நான் ரோட்டைக் கடக்கக் காலை எடுத்தேன். இடது பக்கம் பார்த்தேன், காலி. வலது பக்கமும் காலி என்றுதான் நினைத்தேன்.

ஒரு தட்டு. தகடு நெளிந்திருக்கும், அப்படி ஒரு தட்டு.

என் வலது கால் பிரேக்கைத் தேடியது ஒல்லி. மண் ரோட்டோரத்தில், செருப்புக் காலோடு, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றேன். மூக்கை உரசுகிற மாதிரி லாரி போனது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. யோசித்து நிற்கவில்லை. உன் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் மண்டையில்தான் இருந்திருக்கிறது. காலுக்கு அந்தச் சங்கதியே தெரியவில்லை.

நீ இறங்கி ஓடி வருவாய் என்று பார்த்தேன். வரவில்லை. ரோடு காலியானதும் இரண்டு தட்டு தட்டினாய். நான் கடந்தேன். வண்டி போய்விட்டது. அங்கே இருந்த மைல்கல்லில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். நான் இன்னும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால், அந்த லாரி இடத்தில் நான் இருந்திருப்பேன். என் இடத்தில் யாரோ ஒருவர் நின்றிருப்பார். அவருக்குத் தட்ட யாரும் இருந்திருக்க மாட்டார்கள். நீ சொன்னது சரி.

காலையில் கோயிலை அண்ணாந்து பார்த்தேன். வெள்ளையாக ஏதோ தெரிகிறது. இன்னும் ஏறவில்லை. இத்தனை வருஷம் எல்லாருக்காகவும் இங்கே காத்துக் கிடந்தவன், இன்று ஒரே ஓர் ஆளுக்காகக் காத்திருக்கிறேன். வண்டி திரும்பப் பொழுது இருக்கிறது. புது டிரைவர் வண்டியோடு இருப்பார், பாவம், அவருக்கு அதுதான் விதி.

படிக்கு வலப்பக்கம் கைப்பிடி கிடையாதாம். நீ அந்தப் பக்கம் வா. முதல் படியில்தான் நிற்பேன். தோளில் இரண்டு தட்டு விழாமல் காலை எடுக்க மாட்டேன்.

உன்
டிரைவர்